ஹாஜிமா என்று கூப்பிடாதே

மித்ஹத்துக்கு வாக்குக் கொடுத்த நாளிலிருந்து சஃபினாஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'அப்லா' என்று இருவரும் கூப்பிடும் அக்காவிடம் எதையும் சொல்வதில்லை என்ற வாக்கு. மூத்தவள் இன்ஸாஃபின் கல்லீரலில் இருப்பது வெறும் வீக்கம், ஏறுவது சத்து மருந்து, இன்னும் சில மாதங்களில் எழுந்து நடந்துவிடுவாள் என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொல்லி வந்தார்கள்.

தம்பி மித்ஹத் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பராமரிக்கும் இன்ஜினியர். எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டான். மருந்துப் புட்டிகளின் மேலிருந்த தாளையெல்லாம் வெந்நீரில் நனைத்து உரித்துவிடுவான். பெரிய டாக்டரை அக்கா பக்கத்தில் வாய் திறக்கவிடாமல் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். அலெக்ஸாந்திரியாவில் எந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நோயாளி உள்ளே படுத்திருப்பார். நோயைப் பற்றிய பேச்சு வெளியே நடக்கும்.

சஃபினாஸ் இதற்கு ஒத்துக்கொண்டதுதான் வேடிக்கை. அவள் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்ப்பவள். மருத்துவம் படித்தவள் அல்ல. சமூகவியலில் பட்டம் வாங்கியவள். நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது, குடும்பம் மறைக்கச் சொன்னால் என்ன செய்வது என்பதெல்லாம் அவள் பாடம். அந்தக் கல்லூரியில் அவள் பாடத்துக்கு உள்ள மதிப்பு விருந்தில் ஊறுகாய்க்கு உள்ள மதிப்பு. இருந்தால் தொட்டுக்கொள்வார்கள், இல்லையென்றால் யாரும் கேட்கப்போவதில்லை. 'கதை டாக்டர்' என்று அறுவை சிகிச்சைக்காரர்கள் அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

ஆனால் மித்ஹத் அன்று சொன்ன ஒரு வார்த்தையில் அவள் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. "அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? வியாதியைச் சொன்ன அன்னிக்கு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவங்க, அப்புறம் ஒரு வாய் கஞ்சி குடிச்சாங்களா?"

அவள் மறக்கவில்லை. அதனால்தான் தலையாட்டினாள்.

---

அன்று காலை அவள் வார்டில் அக்காவின் அறைக்குள் நுழைந்தபோது உம்மு ஹிஷாம் அங்கே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. வெள்ளை உடை, வெள்ளை முக்காடு, கழுத்தில் அடையாள அட்டை. மதியம் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறாள்.

அந்த இடம் உண்மையில் இன்ஸாஃபுடையது. வருஷா வருஷம் ஹஜ் குலுக்கலில் பெயர் போட்டுப் போட்டு, இந்த வருஷம்தான் விழுந்தது. விழுந்த பத்தாம் நாள் வயிற்றுவலி வந்தது. "உடம்பு தேறட்டும் அப்லா, அடுத்த வருஷம் நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்று மித்ஹத் கெஞ்சிக் கூத்தாடி விலகல் மனுவில் கையெழுத்து வாங்கினான். காத்திருந்தவர்கள் வரிசையில் அடுத்த பெயர் உம்மு ஹிஷாம்.

"உனக்காக அல்லாஹ்கிட்ட என்ன துஆ கேக்கட்டும், சொல்லு இன்ஸாஃப்," என்றாள் அவள்.

"அழுகையை நிறுத்துடி முதல்ல. நான் என்ன செத்தா போயிட்டேன்?" இன்ஸாஃப் சிரித்தாள். கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "ஆரோக்கியம் கேளு. அடுத்த வருஷம் நானே வந்து மீதியைக் கேட்டுக்கறேன். அப்புறம், கூட்டத்துல செருப்பைத் தொலைச்சுடாதே. உன் லட்சணம் எனக்குத் தெரியும்."

உம்மு ஹிஷாம் சிரிக்கப் பார்த்து, முடியாமல், சஃபினாஸின் தோளில் இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். தெருவுக்கே தெரிந்த விஷயம். தெரியாதவள் கட்டிலில் இருந்தவள் ஒருத்திதான்.

"இவ ஏன்டி இப்படி அழறா?" என்று கேட்டாள் இன்ஸாஃப்.

"பயணம் இல்லையா அப்லா. வீட்டை விட்டுப் போறாங்க."

"பக்கத்து ஊருக்குப் போனாலும் அழுவா." இன்ஸாஃப் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள் அவள். "எத்தனை வருஷமா கரும்பலகையில அந்த அரேபியக் கரையை வரைஞ்சிருப்பேன். கண்ணை மூடிட்டே வரைவேன். கால் மட்டும் இன்னும் படல, பாரு."

சஃபினாஸ் தலையணையைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாக இருந்த தலையணை அது.

"நீ காலேஜுக்குக் கிளம்பு, நேரமாச்சு. அந்தப் பிள்ளைங்களுக்கு என்னதான் சொல்லித் தர்றே? என்கிட்ட ஒருநாளும் சொன்னதே இல்லை."

"பெருசா ஒண்ணுமில்ல அப்லா," என்றாள் சஃபினாஸ்.

---

டிராமில் நின்றுகொண்டே போனவளுக்கு அன்றைய பாடம் நினைவுக்கு வந்தது. மாணவர்கள் காலையில் ஆளுக்கொரு நோயாளியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். எந்த மாடி, எந்த வார்டு என்பதைக் கல்லூரி அலுவலகம் ஒதுக்கும். அக்கா இருக்கும் மாடிக்கு யாரையும் அனுப்பாதீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்து வகுப்பு தொடங்கியபோது பாதிப் பேர்தான் இருந்தார்கள். பரீட்சையில் வராத பாடத்துக்கு அதுவே அதிகம். முன்வரிசையில் ரொதைனா கையைத் தூக்கிக்கொண்டு தயாராக இருந்தாள். சுறுசுறுப்பான பெண்; மனசில் பட்டதை அப்படியே முகத்தில் எழுதிவைக்கும் ரகம்.

"நான் முதல்ல சொல்றேன் மேடம். நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். கதவை சாத்துனேன். நின்னுட்டே பேசாம, நாற்காலியை இழுத்துப் போட்டு அவங்க முகத்துக்கு நேரா உக்காந்தேன்."

"நல்லது. சொல்லு."

"அறுபதைத் தாண்டின அம்மா. ரிட்டயர்டு டீச்சர். நான் மரியாதைக்கு, ஹஜ் போயிட்டு வந்தவங்களைப் போல, 'ஹாஜிமா'ன்னு கூப்பிட்டேன். நாம எல்லாப் பெரியவங்களையும் கூப்பிடறதுதானே. அவங்க சிரிச்சுட்டு, 'ஹாஜிமான்னு கூப்பிடாதே கண்ணு, இன்னும் போகல. அடுத்த வருஷம் வந்து கூப்பிடு'ன்னாங்க."

சஃபினாஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல மேடம். அவங்க ஃபைலை நான் படிச்சுட்டுத்தான் போயிருந்தேன். அடுத்த வருஷம்ங்கறது..." ரொதைனா நிறுத்தினாள். "அப்புறம் நீங்க சொல்லித் தந்த கேள்வியைக் கேட்டேன். உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்கன்னு. கல்லீரல்ல வீக்கம்னாங்க. அதுக்கு மேல தெரிஞ்சுக்க விருப்பமான்னு கேட்டேன். 'இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாருமே என்கிட்ட கேக்கல. விருப்பம்தான்'னாங்க."

"நீ சொல்லிட்டியா?" பின்வரிசையில் ஒருவன் குரல் கொடுத்தான்.

"இல்ல. நான் மாணவி, சொல்ற உரிமை எனக்கில்ல, டாக்டரை வரச் சொல்றேன்னேன். அப்போ அவங்க கேட்டாங்க, 'என் வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமா?'"

"நீ என்ன சொன்னே?" என்றாள் சஃபினாஸ்.

"ஒண்ணும் சொல்லல மேடம். சும்மா இருந்தேன். சும்மா இருந்ததே பதில் ஆயிடுச்சுன்னு நினைக்கறேன். அவங்க அழல. என் கையைத் தட்டிக் குடுத்து, 'போம்மா, வகுப்புக்கு நேரமாகுது'ன்னாங்க." ரொதைனாவின் கண் கலங்கியிருந்தது. "நான் செஞ்சது தப்பா மேடம்?"

வகுப்பு முழுக்க அவள் முகத்தையே பார்த்தது. ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

அந்த ஒரு நிமிஷத்தில் சஃபினாஸுக்கு அந்தப் பெண்ணைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும், காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. தப்பு என்று சொன்னால் இத்தனை வருஷம் பேசியதெல்லாம் பொய். சரி என்று சொன்னால் அவள் வீட்டில் நடந்தது பொய்.

"சரியாத்தான் செஞ்சே," என்றாள். பையை எடுத்துக்கொண்டாள். "இன்னிக்கு இது போதும். எல்லாரும் போகலாம்."

---

ஆஸ்பத்திரியில் இன்ஸாஃப் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தாள் உரித்த மருந்துப் புட்டி ஒன்று கிடந்தது.

"கதவை சாத்து," என்றாள். "நாற்காலியை இழுத்துப் போடு. இங்க இல்ல. என் முகத்துக்கு நேரா."

சஃபினாஸ் உட்கார்ந்தாள்.

"காலையில ஒரு பொண்ணு வந்தா. இப்படித்தான் உக்காந்தா. என்னமோ மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்த நாள்லேர்ந்து எல்லாரும் என் தலைக்கு மேலதான் பேசறாங்க. இவ கண்ணைப் பாத்துப் பேசினா. 'இதை எங்கே கத்துக்கிட்டேம்மா?'ன்னு கேட்டேன்." இன்ஸாஃப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "'எங்க சஃபினாஸ் மேடம் சொல்லித் தந்தாங்க, ரொம்ப நல்லவங்க'ன்னா."

சஃபினாஸ் புட்டியை வாங்கக் கை நீட்டினாள். இன்ஸாஃப் கொடுக்கவில்லை.

"என்ன வியாதி, சொல்லு."

"அப்லா, அது வந்து... அந்த நோய்தான்."

"எந்த நோய்? பேர் இல்லாத நோயா?"

நோயின் பெயரைச் சொல்லக் கூசும் மாணவர்களை எத்தனை முறை கடிந்திருக்கிறாள்! இப்போது அவளுக்கே கூசியது.

"புற்றுநோய்," என்றாள் கடைசியில்.

இன்ஸாஃப் மெதுவாகத் தலையசைத்தாள். மாணவி சரியான தலைநகரத்தின் பெயரைச் சொன்னால் அப்படித்தான் அசைப்பாள். பிறகு அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. நோயை விடப் பெரிதாக ஏதோ ஒன்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்போ என் இடம்? நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே, அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

கதவு படாரென்று திறந்தது. மித்ஹத். துறைமுகத்துத் தொப்பிகூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தான். யாரோ நர்ஸ் சொல்லியிருக்க வேண்டும். "எவ அந்தப் பொண்ணு? பேரைச் சொல்லு சஃபினாஸ். கல்லூரித் தலைவர்கிட்ட நேராப் போறேன். அவ டாக்டராகறதைப் பாத்துடறேன்!"

"கத்தாதே," என்றாள் இன்ஸாஃப். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் ஹஜ்ஜுக்குப் போகலாமா, கூடாதான்னு டாக்டர்கிட்ட கேட்டியா?"

மித்ஹத் தொப்பியைக் கழற்றினான்.

"கேட்டியாடா?"

"கேட்டேன் அப்லா."

"என்ன சொன்னார்?"

அவன் தரையைப் பார்த்தான். "மருந்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம், சக்கர நாற்காலியும் துணைக்கு ஒருத்தரும் இருந்தா சமாளிச்சுடுவாங்கன்னார்."

சஃபினாஸ் எழுந்துவிட்டாள். "என்கிட்ட நீ இதைச் சொல்லவே இல்லையே! போகவே முடியாதுன்னு டாக்டர் சொன்னதா சொன்னியே!"

"பயந்துட்டேன்!" மித்ஹத்தின் குரல் உடைந்தது. "அந்த வெயில்ல, அந்தக் கூட்டத்துல... அங்கயே உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்? உங்க முகத்தைக்கூடப் பாக்க முடியாதே அப்லா."

"அங்க செத்தா என்னடா கெட்டுப் போச்சு?" இன்ஸாஃப் இப்போதுதான் அழுதாள். தோள் குலுங்கிற்று. "அந்த மண்ணுல போய்ச் சேரணும்னு எத்தனை பேர் ராப்பகலா அழுது தொழறாங்க! எனக்கு அந்த வாசல் திறந்துச்சு. என் கையாலேயே சாத்த வெச்சீங்களேடா. இப்போ அந்த உம்மு ஹிஷாம் விமானம் ஏறியிருப்பா. செருப்பைத் தொலைக்கற அவளுக்குக் குடுத்து வெச்சிருக்கு."

மித்ஹத் கட்டிலோரம் மண்டியிட்டு அவள் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நாற்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை தேம்பித் தேம்பி அழுதான். கொஞ்ச நேரம் கழித்து இன்ஸாஃபின் இன்னொரு கை அவன் தலைமேல் வந்து உட்கார்ந்தது. தாயில்லாத அவனுக்குத் தலை துவட்டிவிட்ட அதே கை.

சஃபினாஸ் காத்திருந்தாள். தன் பக்கம் அந்தக் கை நீளவில்லை.

"அப்லா, என்னை மன்னிச்சுடுங்க."

"இவன் இரும்போட பழகறவன். தெரியாம பயந்தான்," என்றாள் இன்ஸாஃப், அவளைப் பார்க்காமலே. "நீ தெரிஞ்சவ. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லித் தந்தே. நான் உன் கண்ணுக்கு ஒரு நோயாளியாக்கூடத் தெரியலையா?"

சஃபினாஸ் அம்மா, சுவர், கஞ்சி என்று ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"பெரிய டாக்டரை வரச் சொல்லு. அந்தப் பொண்ணையும் கூப்பிடு. இனிமே எனக்குச் சொல்ல வேண்டியதை அவ முன்னாடி எனக்கே சொல்லட்டும். நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க."

---

ரொதைனா மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். அறை வாசலில் சஃபினாஸைப் பார்த்ததும் நின்றாள். மேடம் ஏன் இங்கே, ஏன் அழுத முகமாக என்று திகைத்தவளுக்கு, உள்ளே கட்டிலில் இருந்தவளின் மூக்கும் நெற்றியும் இவளுடையதைப் போலவே இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"மேடம், உங்க..."

"எங்கக்கா. உள்ள போ. உனக்காகத்தான் காத்துட்டு இருக்காங்க."

பெரிய டாக்டர் வந்தார். பழக்க தோஷத்தில் மித்ஹத்தின் தோளில் கைபோட்டுத் தாழ்வாரத்தின் மூலைக்கு நடத்திப் போகப் பார்த்தார். மித்ஹத் நகரவில்லை. "உள்ள போங்க டாக்டர்," என்றான். "அவங்ககிட்டயே பேசுங்க."

கதவு சாத்திக்கொண்டது.

சஃபினாஸும் மித்ஹத்தும் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். உள்ளே டாக்டரின் கனத்த குரல், இடையில் ரொதைனாவின் மெல்லிய குரல், பிறகு இன்ஸாஃப் ஏதோ கேட்பது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு தடவை அவள் சிரித்தது போல இருந்தது. மித்ஹத் கதவில் காதை வைக்கப் போனான். சஃபினாஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கதவு திறந்ததும் டாக்டர் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். பின்னாலேயே ரொதைனா வந்தாள். அழுதிருந்தாள்.

"ஹஜ் காலம் முடிஞ்சதும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக எப்போ விசா தருவாங்கன்னு கேட்டாங்க," என்றாள். "அவங்க பாஸ்போர்ட் உங்ககிட்டதான் இருக்காம் சார். சாயங்காலத்துக்குள்ள வேணுமாம்."

"தர்றேன், தர்றேன். டாக்டர் என்ன சொன்னார்? அதுவரைக்கும் இருப்பாங்களாமா? எவ்வளவு நாள் சொன்னார்?"

ரொதைனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மித்ஹத்தைப் பார்த்தாள், அப்புறம் தன் ஆசிரியையைப் பார்த்தாள்.

"அவங்களுக்கு இப்போ எல்லாம் தெரியும் சார். ஆனா உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டாங்க. நீங்க தாங்கமாட்டீங்களாம்."

மித்ஹத் சஃபினாஸ் பக்கம் திரும்பினான். "உன் மாணவிதானே? நீ கேளு. நீ கேட்டா சொல்லுவா."

கேட்டால் சொல்லிவிடுவாள். சின்னப் பெண், மேடம் மேல் உயிரையே வைத்திருப்பவள். சஃபினாஸ் அவள் ஈரக் கன்னத்தைத் தன் முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டாள்.

"சொல்லிடாதே," என்றாள். "நானே கெஞ்சினாலும் சொல்லிடாதே."